ஊம்ம்ம்... அந்தச் சத்தம் எங்கே ஒளிந்திருக்கிறது?

எல்லாப் பட்டறை வாசலிலும் ஒரு பலகை தொங்கும்: ‘வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளர்கள் வரக்கூடாது.’ அந்தப் பலகைக்கு அந்தப்புறம் என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்க்க யாருக்கு ஆசை இருக்காது? நமக்கு ஒரு டீயைக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். உள்ளே சுத்தியல் சத்தம் கேட்கும். யாரோ யாரையோ அதட்டுவார்கள். மாலையில் ஒரு பில் மட்டும் வெளியே வரும். இன்றைக்கு அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போகிறோம்! ஆயில் மாற்றுவதையோ பெயின்ட் அடிப்பதையோ பார்க்க அல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்தத்தைத் துரத்திப் பிடிப்பதைப் பார்க்க.

இடம் மேட்டுப்பாளையம். நீலகிரியிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் இறங்கி வந்து மண்டிகளில் விலை போகிற ஊர். தெருவுக்குத் தெரு பிக்கப் வண்டிகள். இங்கிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் வண்டி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் ஏறிவிடும். ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. வளைவுக்கு வளைவு பாரம் இடதும் வலதுமாகச் சாய்கிறது. ஆக்சிலையும் பேரிங்கையும் வாட்டி எடுக்க வேறு என்ன வேண்டும்? ஆகவே இந்த ஊர் மெக்கானிக்குகள் கேட்காத சத்தமில்லை. அவர்களில் ஒருவருடைய ஷெட்டுக்குள்தான் நாம் நிற்கிறோம். எல்லாரும் அவரை மேஸ்திரி என்கிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

காலை நேரம். ஒரு பழைய பிக்கப் உள்ளே வந்து நிற்கிறது. ஓட்டி வந்த இளைஞர் இறங்கும்போதே முறையிட ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணா, பின்னாடி ஹவுசிங்ல இருந்து ஊம்ம்ம்னு ஒரே சத்தமுங்க. வேற ஒரு பட்டறைல காட்டுனேன். கிரவுன் பினியன் செட்டையே மாத்தோணும்னுட்டாங்க.”

மேஸ்திரி வண்டியைப் பார்க்கவே இல்லை. பையனைத்தான் பார்த்தார். “என்ன போச்சுன்னு நீ சொல்லாத கண்ணு. எப்ப வருது, எப்ப நிக்குது, அத மட்டும் சொல்லு.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. முழு வித்தையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது! வண்டியில் சுழலும் பொருள்கள் எத்தனையோ. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதன் நடுவே சென்டர் பேரிங், பின்னால் டிஃபரன்ஷியல், இரண்டு ஆக்சில் ஷாஃப்ட், நான்கு ஹப்பு, நான்கு டயர். எல்லாமே கெட்டுப்போனால் ஏறத்தாழ ‘ஊம்’ என்றுதான் சொல்லும். ஆனால் ஒவ்வொன்றும் சொல்லும் நேரம் வேறு. குற்றவாளியைக் குரலை வைத்துப் பிடிப்பதைவிட நேரத்தை வைத்துப் பிடிப்பது எளிது.

“எத்தன ஸ்பீடுல ஆரம்பிக்குது?”

“நாப்பதுக்கு மேலீங்கண்ணா. அறுவதுல நல்லா கேக்குது.”

“அதே அறுவதுல கியர மாத்துனா சத்தம் மாறுதா?”

“இல்லீங். அப்படியேதான் இருக்குது.”

“லோடு ஏத்துனா?”

“இன்னும் ஜாஸ்தியாகுதுங்க.”

கவனித்தீர்களா? அந்த இரண்டாவது கேள்வியைக் கொண்டாட வேண்டும். அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரிலிருந்து ஐந்தாவதுக்குப் போனால் இன்ஜின் சுழற்சி குறையும். சக்கரத்தின் சுழற்சி மாறாது. சத்தம் அசையாமல் இருந்தால் அது இன்ஜினைச் சேர்ந்ததல்ல, கிளட்சைச் சேர்ந்ததல்ல. ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் பாதி வண்டிக்கு விடுதலை கிடைத்துவிட்டது!

அடுத்தது ரோடு டெஸ்ட். பையன் ஓட்ட, மேஸ்திரி இடது ஓரம், நடுவில் நான். ஏறியவுடன் அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பாதங்களையும் கேபின் தரையில் வெறுமனே பதித்தார். ஏன் என்று கேட்டேன். “காதுக்கு முன்னாடி காலுக்குத் தெரியுமுங்க” என்றார். முன்சக்கர நடுக்கம் பெரும்பாலும் ஸ்டீயரிங்கிலும் தரையிலும் தெரியும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் பின் ஆக்சிலும் சீட் வழியாக இடுப்புக்கு வரும். அவர் முழு உடம்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாடியை இறக்கிவிட்டு, நீளமான ஒரு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வண்டியை விடச் சொன்னார். சுவர், அந்தப் பக்கத்துச் சக்கரங்களின் சத்தத்தைத் திருப்பி நம் காதிலேயே போடுகிறது! திரும்பி வரும்போது மறுபக்கம் சுவர். இரண்டையும் ஒப்பிட்டால் வலமா இடமா என்று ஒரு ஊகம் கிடைக்கும். செலவே இல்லாத கருவி. வெளிநாடுகளில் இதற்கென்றே சின்னச் சின்ன ஒலிவாங்கிகளைக் கிளிப் போட்டு ஒவ்வொரு ஹப்பிலும் மாட்டிவிட்டு, கேபினுக்குள் ஹெட்போனில் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். அதுவும் அருமையான சங்கதிதான். ஆனால் சுவர் எல்லா ஊரிலும் இருக்கிறது.

பிறகு சொரசொரப்பான பழைய சாலையிலிருந்து, வழவழப்பாகப் புதுத் தார் போட்ட சாலைக்கு வண்டி ஏறியது. அந்த நொடியில் மேஸ்திரியின் புருவம் உயர்ந்தது. “கேட்டீங்களா? ரெண்டு சத்தமுங்க!”

உண்மைதான்! அதுவரை ஒன்றாகக் கேட்ட ஊம்காரம் இரண்டாகப் பிரிந்தது. மேலே ஓடிக்கொண்டிருந்த ‘வவ்வவ்வவ்’ புதுத் தாரில் சட்டென்று அடங்கிவிட்டது. அதற்கு அடியில் ஒரு கனத்த உறுமல் மட்டும் கொஞ்சமும் குறையாமல் தொடர்ந்தது. சாலை மாறினால் மாறுவது டயரின் சத்தம். பேரிங்குக்கும் பல்சக்கரத்துக்கும் சாலை தாரா சிமென்டா என்று தெரியவே தெரியாது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல பேரிங்கைக் கழற்றிப் போட்டவர்கள் ஏராளம். டயர்ச் சத்தமும் பேரிங் சத்தமும் சொந்த அண்ணன் தம்பி. ஒன்றை மற்றொன்று மறைத்துக்கொள்ளும்.

நேரான, சமதளமான, ஆளில்லாத சாலை வந்தது. 60-ல் போகும்போது ஆக்சிலேட்டரை விடச் சொன்னார். மறுபடி அழுத்தச் சொன்னார். பிறகு ஏறவும் இறங்கவும் விடாமல் ஒரே சீராகப் பிடிக்கச் சொன்னார். இது டிஃபரன்ஷியலுக்கான குறுக்கு விசாரணை. கிரவுன் வீலும் பினியனும் பல்லோடு பல் சேர்ந்து ஓடுபவை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பல்லின் ஒரு முகத்தில் பாரம். விட்டால் எதிர் முகத்தில் பாரம். பல் தேய்ந்திருந்தால் ஒரு முகம் அலறும், மறுமுகம் பேசாமல் இருக்கும். சத்தம் காலோடு சேர்ந்து ஏறி இறங்கும். இங்கே உறுமல் காலை மதிக்கவே இல்லை. நியூட்ரலில் தள்ளி வண்டியைத் தானாக ஓடவிட்டபோதும் அதே உறுமல். (இதைச் சமதளத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். மலை இறக்கத்தில் நியூட்ரல் என்பது உயிரோடு விளையாடுவது.)

“கிரவுன் பினியன் நல்லா இருக்குது சாமி. காச பத்திரமா வெச்சுக்கோ” என்றார். பையனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகப் பிடித்தது. அகலமான சாலையில், முன்னும் பின்னும் வண்டியில்லை என்று பார்த்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை மெதுவாக இடதுபக்கம், பிறகு வலதுபக்கம். வண்டி இடப்பக்கம் திரும்பினால் பாரம் வலப்பக்கம் சாய்கிறது. வலது சக்கரங்களின் பேரிங் கூடுதலாகச் சுமக்கிறது. இடது... ஊஊஊம்ம்ம்! கர்ஜித்தது. வலது... அடங்கிப் போனது. மறுபடி இடது, மறுபடி கர்ஜனை. கைதட்ட வேண்டும் போல இருந்தது. குற்றவாளி வலப்பக்கத்தில்தான் இருக்கிறான் என்பது ஏறக்குறைய உறுதி. ஏறக்குறைய என்றுதான் சொல்ல வேண்டும். சில வகைப் பேரிங்குகள் இதற்கு எதிராகவும் நடந்துகொள்ளும் என்று மேஸ்திரியே எச்சரித்தார்.

ஷெட்டுக்குத் திரும்பினோம். முதலில் டயர் வழக்கு. பின் டயர் ஒன்றின்மேல் என் உள்ளங்கையை வைத்து முன்பக்கமாகத் தடவச் சொன்னார். வழுக்கிக்கொண்டு போனது. பின்பக்கமாகத் தடவச் சொன்னார். ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையைப் பிடித்தது! இதற்கு ரம்பப் பல் தேய்மானம் என்று பெயர். காற்றுக் குறைவு, கோணல் அலைன்மென்ட், டயர்களை முன்பின் மாற்றிப் போடாமலேயே ஓட்டுவது என்று காரணங்கள் பல. ஷாக் அப்சார்பர் செத்துப்போயிருந்தால் வேறு மாதிரித் தேயும், அங்கங்கே குழிகுழியாக. புது டயரில் பட்டன்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது தெரியுமா? வேண்டுமென்றே சிறிதும் பெரிதுமாகக் கலந்து செய்கிறார்கள். ஒரே அளவாக இருந்தால் எல்லாப் பட்டனும் ஒரே தாளத்தில் சாலையைத் தட்டி, டயரே ஒரு குழலாகிவிடும். அந்தக் கணக்கைத்தான் ரம்பத் தேய்மானம் கெடுத்துவிடுகிறது.

டயருக்குப் பஞ்சாயத்து முடிந்தது. உறுமல் பாக்கி. அதற்குள் எதிர் மேஜையில் இருந்த ஒன்று என்னை இழுத்துக்கொண்டது. இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி வைத்த டிஃபரன்ஷியல்! வயிறு திறந்து, எண்ணெய் மினுங்க.

அந்தக் கிரவுன் வீலைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துவிட்டான். பெரிய சக்கரத்தில் 41 பல், சின்னப் பினியனில் 10 பல் என்று வைத்துக்கொள்வோம். 215/75 ஆர் 15 அளவு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.21 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏழரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல். சுற்றுக்கு 41 பல் என்றால் வினாடிக்குச் சுமார் 309 பல்கூடல். 309 ஹெர்ட்ஸ்! ஆர்மோனியத்தில் கைவைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்கிறேன்: அது கிட்டத்தட்ட இரண்டரைக் கட்டை. வேகத்தை 51-க்குக் குறைத்தால் சுமார் 262. சுத்தமான ஒரு கட்டை! 40-க்கு இறங்கினால் கீழ் ஸ்தாயியில் ஐந்தரைக் கட்டை. பல் தேய்ந்த டிஃபரன்ஷியல் மலைச்சாலையில் ஏறி இறங்கும்போது கட்டை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டே போகிறது. பேரிங்குக்கு இந்தப் பாட்டு வராது. ஒரு ஹப்புப் பேரிங்கில் 18 உருளைகள் என்று வைத்துக்கொண்டால், உள்வளையத்தில் இருக்கும் ஒரு குழியின் மேல் அதே வேகத்தில் வினாடிக்குச் சுமார் 80 உருளைகள் ஏறி இறங்கும். அது காதில் விழும் ஸ்வரமில்லை, அடிவயிற்றில் விழும் உறுமல். மேஸ்திரி இந்தக் கணக்கையெல்லாம் போடுவதில்லை. ஆனால், “பல்லுன்னா ஊளையிடுமுங்க, பேரிங்குன்னா உறுமும்” என்று அவர் சொன்னது அச்சு அசலாக இந்தக் கணக்குதான்!

இன்னொன்றையும் காட்டினார். கிரவுன் பல்லில் நீல மையைத் தடவி, பினியனைச் சுழற்றினால், பல்லும் பல்லும் எங்கே முத்தமிட்டுக்கொள்கின்றன என்று மையில் தடம் விழும். தடம் பல்லின் நடுவே விழ வேண்டும். ஓரத்துக்கு ஒதுங்கினால் மெல்லிய தகட்டு வளையங்களைச் சேர்த்தோ எடுத்தோ பினியனை முன்பின் நகர்த்த வேண்டும். பல்லிடுக்கின் தளர்வு பொதுவாக 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் சூடு, கூடினால் சத்தம். பினியன், கிரவுன் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே தாழ்ந்து உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். 1920களில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் கொண்டுவந்த ஹைபாய்டு முறை இது. பேக்கார்டு கார்களில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. பற்கள் வழுக்கிக்கொண்டே கூடுவதால் ஓசை குறைவு. ஆனால் அந்த வழுக்கலுக்கென்றே செய்த கெட்டியான ஆயில் கட்டாயம். தப்பான ஆயிலை ஊற்றினால் பல் போய்விடும். இன்னொரு ரகசியம்: கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பழக்கப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது.

சரி, நம் வண்டிக்கு வருவோம்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்தார்கள். முன்பக்கமா? சத்தம் பின்னால் என்றல்லவா பையன் சொன்னான்? நானும் அதையே கேட்டேன். “சேசிஸ் ரெண்டு நீளக் கம்பிங்க. சத்தம் அதுல ஓடிப் போயி வெறும் பாடித் தகட்டுல கணகணக்கும். காது பொய் சொல்லும். நாலு சக்கரத்தையும் பாத்துத்தான் தீரோணும்” என்றார். எல்லாச் சக்கரத்தையும் பார்க்காமல் தீர்ப்பு சொல்வதில்லை என்பது அவருடைய சட்டம். நல்ல சட்டம்!

வலது முன்சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை. அசைத்தார். மிக மெல்லிய ஒரு ‘டக்’. பக்கவாட்டில் இரு கை வைத்து அசைத்தார். ஆட்டமில்லை. மேல்கீழ் ஆட்டம் என்றால் சந்தேகம் பேரிங் மேலும் பால் ஜாயின்ட் மேலும் விழும்; பக்கவாட்டு ஆட்டம் என்றால் ஸ்டீயரிங் ராடுகள் மேலும் விழும். பேரிங்கா பால் ஜாயின்ட்டா? உதவிப் பையனை ஏற்றி, பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். மறுபடி அசைத்தார். ‘டக்’ மாயம்! பிரேக் பிடித்தால் ஹப்பு இறுகிக்கொள்கிறது, பேரிங்கின் தளர்வு மறைந்துவிடுகிறது. ஜாயின்ட் போயிருந்தால் பிரேக் பிடித்தாலும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஒரே மிதியில் இரண்டு சந்தேகங்களில் ஒன்று காலி. இவ்வளவு அழகான சோதனையை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவருக்கு ஒரு மாலை போடலாம்.

இப்போது ஸ்பிரிங்மேல் என் விரல்களை வைக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். கரகரகர! விரல் நுனியில் மணல் ஓடியது. இடது சக்கரத்துக்குப் போய் அதையே செய்தோம். ஒன்றுமில்லை, அமைதி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சக்கரத்தின் உள்பக்கம் அசையாத பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டார். பிறகு எனக்கும் கொடுத்தார். அந்தக் கரகரப்பு தலைக்குள்ளேயே கேட்டது!

பின்சக்கரங்களையும் விடவில்லை. இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, கியரில் போட்டு, நிறுத்திய இன்ஜினோடு ஒரு சக்கரத்தை என்னைச் சுழற்றச் சொன்னார். எதிர்ப்பக்கச் சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றது! டிஃபரன்ஷியல் உயிரோடு இருக்கிறது என்று கைகுலுக்கியது போல இருந்தது எனக்கு. உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் அப்போதுதான் உருள்கின்றன. வண்டி நேரே ஓடும்போது அவை கூண்டோடு சேர்ந்து சும்மா சுற்றிவரும். அதனால்தான் திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால் அவற்றைச் சந்தேகிக்கிறார்கள். ஒரு எச்சரிக்கையை அவர் இரண்டு தடவை சொன்னார்; நானும் சொல்லிவிடுகிறேன். ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட்டிக் கியரில் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

பின்பக்கம் சுத்தம். இனி வலது முன் ஹப்பைத் திறக்க வேண்டியதுதான். சக்கரம் கழன்றது. பிரேக் கேலிப்பரைக் கழற்றி, ஹோஸில் பாரம் விழாதபடி கம்பியில் கட்டித் தொங்கவிட்டான் உதவிப் பையன். கிரீஸ் மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர். வெளிப் பேரிங் கையில் வந்தது. ஹப்பை இழுத்ததும் உள்பக்க ஆயில் சீல் கண்ணில் பட்டது. உதடு கிழிந்திருந்தது. உள்ளே தேன் நிறத்தில் இருக்க வேண்டிய கிரீஸ், தண்ணீர் புகுந்து சாம்பல் வெளுப்பாகத் திரிந்திருந்தது.

டீசலில் கழுவித் துடைத்து, உள் பேரிங்கின் கோனை, அதாவது உள்வளையத்தை, வெளிச்சத்தில் திருப்பினார் மேஸ்திரி. அங்கே இருந்தது! கோனின் ஒரு பக்கம், உருளைகள் ஓடும் பாதையில், எஃகு பொரிந்து செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. மறுபக்கம் கண்ணாடி மினுமினுப்பு. ஏன் ஒரு பக்கம் மட்டும்? ஹப்போடு சேர்ந்து கப்பு என்கிற வெளிவளையம் சுற்றுகிறது, கோன் ஸ்பிண்டிலோடு நின்றுவிடுகிறது. வண்டியின் பாரம் கீழ்நோக்கி. ஆகவே கோனின் அடிப்பாகம்தான் வாழ்நாள் முழுக்க மலையைச் சுமக்கிறது. நகத்தால் வருடினேன், குழியில் நகம் தடுக்கியது. காலையிலிருந்து துரத்திய ஊம்காரம், விரல் நுனியளவு பள்ளமாக என் நகத்தடியில்!

இந்தச் சாய்வான உருளைப் பேரிங்கை நினைத்துக் கொஞ்சம் வியக்கத்தான் வேண்டும். ஹென்றி டிம்கன் என்ற குதிரை வண்டி தயாரிப்பாளர் 1898-ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். உருளைகள் கூம்புபோல் சரிந்திருப்பதால், மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் ஒரே பேரிங் தாங்கிவிடுகிறது. நாம் சாலையில் ஸ்டீயரிங்கை இடது வலது என்று திருப்பிச் செய்த சோதனை இருக்கிறதே, அது குதிரை வண்டிக்காரர் தீர்க்க நினைத்த அதே பக்கவாட்டுப் பாரத்தைத்தான் பேச வைத்தது.

மாட்டும் வேலையில் மேஸ்திரியின் வேகம் பாதியாகக் குறைந்தது. கப்பையும் கோனையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால் பழைய காயம் புதியதையும் தின்றுவிடும். கப்பை அடித்து இறக்க, எஃகைக் காயப்படுத்தாத பித்தளைக் கம்பி. கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தால் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே பிதுங்கி வரும்வரை ஏற்றினார். என்ன ஒரு திருப்தியான காட்சி! புது ஆயில் சீல். நட்டை இறுக்கும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கினார், உருளைகள் தம் இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக. பிறகு தளர்த்தி, மறுபடி விரல் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஸ்பிளிட் பின்னைப் போட்டு மடித்தார். அதிகம் இறுக்கினால் பேரிங் எரிந்துபோகும். தளர்த்தினால் உருளைகள் தட்டித் தட்டியே சாகும்.

தண்ணீர் எப்படி உள்ளே போனது? “வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் கன்ன நேரா ஹப்பு மேல புடிச்சிருப்பாங்க. சீலு ஏற்கெனவே பழசு. போதாதுங்களா?” என்றார். பையன் தலையை ஆட்டினான். லோடு இறக்கியதும் மண் போகக் கழுவுவது வழக்கமாம்.

மறுபடி சாலை. 40, 50, 60. இடது வளைத்தோம். ஒன்றுமே இல்லை! பழைய தார்ச் சாலையில் அந்த ‘வவ்வவ்’ மட்டும் மெலிதாக எட்டிப் பார்த்தது. அது டயர், அதற்கு அலைன்மென்ட் பார்த்து டயர்களை மாற்றிப் போட்டால் போதும், மிச்சத்தைப் புது டயர் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். பையன் பாட்டைக் கூட்டாமல், ரேடியோவை அணைத்துவிட்டு, வெறும் காற்றைக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது ஒரு ஹப்புக்கான பேரிங், ஒரு சீல், கொஞ்சம் கிரீஸ். விசாரிக்காமல் விட்டிருந்தால் அதற்குப் பல மடங்கு விலையுள்ள கிரவுன் பினியன் செட்டு மாறியிருக்கும், உறுமல் அப்படியே இருந்திருக்கும். ஆகவே உங்கள் பிக்கப் முனக ஆரம்பித்தால், பாகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள். எந்த வேகத்தில் வருகிறது, எந்தப் பக்கம் திரும்பினால் கூடுகிறது, ஆக்சிலேட்டரை விட்டால் என்ன ஆகிறது, சாலை மாறினால் மாறுகிறதா என்று கவனித்துக்கொண்டு போங்கள். ரோடு டெஸ்ட்டுக்கு நீங்களும் கூட ஏறுங்கள். லோடோடு மலை ஏறுவதற்கு முன்னால் போய்விடுங்கள். முற்றிலும் சிதைந்த பேரிங்கில் ஹப்பு நிற்காது, சக்கரமே கழன்று தனியாக ஓடிவிடும்.